நினைவிலிருந்து சலவைக்கல் வரை

புத்தர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கங்கைச் சமவெளியில் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து பேசினார். அவர் குசிநகரில் மறைந்த சில மாதங்களில் சீடர்கள் ராஜகிருகத்தில் கூடினார்கள் என்கிறது பௌத்த மரபு. மகாகாசியபர் தலைமை தாங்கினார். துறவிகளுக்கான ஒழுக்க விதிகளை உபாலி சொன்னார். தாம் கேட்ட உபதேசங்களை ஆனந்தர் சொன்னார். கூடியிருந்தவர்கள் சேர்ந்து ஓதி மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். தத்துவ ஆய்வான அபிதம்மம் பின்னர் மூன்றாவது பகுதியாகச் சேர, திரிபிடகம் என்னும் தொகுப்பு முழுமை பெற்றது.

அது சொல்வதன் சாரம் இதுதான்: வாழ்வில் துக்கம் உண்டு. அதற்குக் காரணம் வேட்கை. வேட்கை அற்றால் துக்கமும் அறும். அதற்கு நற்காட்சியில் தொடங்கி மனஒருமையில் முடியும் எண்வகை வழி இருக்கிறது. தோன்றிய எதுவும் நிலைக்காது. மாறாத ‘நான்’ என்றும் ஒன்று இல்லை.

அசோகர் காலத்தில் துறவி மகிந்தரோடு இந்தப் போதனை இலங்கைக்குப் போனது. அப்போதும் அது மனப்பாடமாகத்தான் இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த படையெடுப்பும் கொடும் பஞ்சமும் அத்தீவை வாட்டின. மனப்பாடமாக அறிந்த துறவிகள் மாண்டால் போதனையும் மாண்டுவிடும் என்ற அச்சத்தில், மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் அதைப் பாலி மொழியில் ஏட்டில் எழுதினார்கள். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுரத்தில் அதற்கு உரைகள் வகுத்தார். தாம் காஞ்சியில் தங்கியிருந்ததை அவரே குறித்திருக்கிறார். இலங்கை, மியான்மர் (பர்மா), தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் நாடுகளின் தேரவாத மரபு இந்தப் பாலித் திரிபிடகத்தில் நிற்கிறது.

வடக்கே போனது மகாயானம் என்ற கிளை. தன் விடுதலையோடு நில்லாமல் எல்லா உயிர்களையும் கரையேற்ற உறுதி பூணும் போதிசத்துவரே அதன் இலட்சியம். அதன் சூத்திரங்களைத் துறவி குமாரஜீவர் சீன மொழியில் பெயர்த்தார். சீனத் துறவி யுவான் சுவாங் 645இல் இந்தியாவிலிருந்து 657 நூல்களோடு சீனா திரும்பி, சாகும்வரை மொழிபெயர்த்தார். கொரியாவில் மரப்பலகைகளில் செதுக்கிய நூல்தொகுதியை 1232இல் மங்கோலியர் எரித்தார்கள். நான்கே ஆண்டுகளில் கொரியர்கள் மீண்டும் உளி எடுத்தார்கள்; அன்று செதுக்கிய எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள் இன்றும் ஹெயின்சா மடத்தில் இருக்கின்றன.

மந்திரமும் குருவின் தீட்சையும் முதன்மையான வஜ்ரயானம் திபெத்தில் வேரூன்றியது. இந்தியாவில் நாளந்தா மடம் அழிந்தபோது மறைந்த சமஸ்கிருத நூல்கள் பல, திபெத்திய மொழிபெயர்ப்பாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

தேரவாத நாடான பர்மாவின் தென்பகுதி 1852இல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. மீதி நாட்டை ஆண்ட மிண்டோன் மன்னர், மண்டலேயில் பாலித் திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கற்களில் வெட்டச் செய்தார். 1868இல் வேலை முடிந்தது. 1885இல் மண்டலேயும் வீழ்ந்தபின், எழுத்துகளில் பூசிய பொன் பறிபோனது, எழுத்துகள் நின்றன.

இழந்துவிடுவோம் என்ற அச்சம்தான் ஒவ்வொரு முறையும் இந்தப் போதனையை அடுத்த பொருளுக்கு நகர்த்தியிருக்கிறது. நிலையாமையைக் கற்றவர்கள் ஏடும் மரமும் கல்லும் அழியும் என்பதை அறிவார்கள். ஆகவே பிற மொழிகளுக்கும் பிற நாட்டாருக்கும் தயங்காமல் கொடுத்தார்கள். பிறந்த மண்ணில் மடங்கள் பாழானபோது திரிபிடகத்தைக் காப்பாற்றியது அந்தக் கொடைதான்.