ஜாரோ ஊர்வலமும் நாற்காலி மேசைச் சட்டமும்

தொப்பி போட்ட ஆண்கள் வரிசையாக ரோட்டில் நடந்து வரும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. அவர்களோடு ஐந்தடி கூட இல்லாத ஒரு பெண்ணும் நடக்கிறார். 1936 அக்டோபரில் எடுத்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியைப் பற்றி பிரிட்டனில் எந்தப் புத்தகம் வந்தாலும் இந்த ஊர்வலத்தின் படம் ஒன்று இல்லாமல் இருக்காது. அந்தப் பெண் எல்லன் வில்கின்சன், ஜாரோ தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. தலைமுடியும் சிவப்பு, அரசியலும் சிவப்பு. அதனால் 'சிவப்பு எல்லன்' என்று பெயர்.

நானும் ரொம்ப நாளாக இவரை அந்தப் படத்தோடு மட்டும்தான் சேர்த்து வைத்திருந்தேன். போன மாசம் தவணை முறைக் கடன் சட்டங்களின் வரலாற்றை வேறொரு குறிப்புக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது 1938-ல் அதே பெயர் வந்து நின்றது. அட, அந்த அம்மாவா இது என்று தேடப் போனேன். இந்தப் பதிவு அதன் விளைவு.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜாரோ இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. 1850-களின் தொடக்கத்தில் சார்லஸ் மார்க் பாமர் அங்கே கப்பல் கட்டும் தளம் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஊர் என்றாலே பாமர்தான். முதல் மேயரும் அவர்தான், பிற்பாடு தொகுதிக்கு எம்.பி.யும் அவர்தான். ஒரே கம்பெனியை நம்பி வளர்ந்த ஊர். 1929-க்குப் பிறகு உலக வணிகம் சுருங்கிக் கப்பல் ஆர்டர்கள் நின்றபோது ஊருக்குப் பிடித்துக்கொள்ள வேறு கொம்பு இல்லை.

தொழில் தானாக நொடித்துப் போனது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அதிகப்படியான தளங்களை வாங்கி மூடுவதற்கென்றே கப்பல் முதலாளிகள் 1930-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆதரவும் அதற்கு இருந்தது. அந்தக் கம்பெனி பாமர் தளத்தை வாங்கி 1934-ல் மூடியது. சும்மா மூடவில்லை. அந்த இடத்தில் இன்னும் நாற்பது வருஷத்துக்கு யாரும் கப்பல் கட்டக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. வேலைக்குப் போகக்கூடியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் வேலை இல்லை. 1939-ல் எல்லன் இந்த ஊரைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'கொலை செய்யப்பட்ட ஊர்' என்ற பொருளில்தான் இருக்கும். தலைப்பில் மிகை கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

எல்லன் ஜாரோவில் ஜெயித்தது 1935 நவம்பரில். மான்செஸ்டர்க்காரர். அதற்கு முன் மிடில்ஸ்பரோ கிழக்கில் எம்.பி.யாக இருந்து 1931-ல் தோற்றவர். (நடுவில் 1932-ல் இந்தியா லீக் அனுப்பிய குழுவில் ஒருவராக இந்தியாவுக்கு வந்து அடக்குமுறையை நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். அந்தக் குழுவோடு வந்த செயலாளர் நம்ம வி.கே. கிருஷ்ண மேனன்.) புது எம்.பி.க்கு முதல் வேலையாக ஒரு நம்பிக்கை கிடைத்தது. மூடிய தளத்தில் உருக்காலை அமைக்க ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு உருக்கு முதலாளிகளின் கூட்டமைப்பு அதை முடக்கிவிட்டது. 1936-ல் ஊர்க்காரர்கள் தூதுக்குழுவாகப் போய் வர்த்தக அமைச்சர் வால்டர் ரன்சிமனைப் பார்த்தார்கள். ஜாரோ தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற தொனியில் பதில் சொல்லி அனுப்பினார் அவர்.

லண்டனுக்கு நடந்தே போவது என்ற முடிவு அதற்குப் பிறகு வந்தது. முடிவெடுத்தது எல்லன் மட்டுமல்ல, நகரசபை, அதுவும் எல்லாக் கட்சியும் சேர்ந்து. அந்தக் காலத்தில் பட்டினி ஊர்வலங்கள் பலவும் கம்யூனிஸ்டுகள் தலைமையில் நடந்தன. அந்த முத்திரை விழுந்துவிடக் கூடாது என்று ஏகப்பட்ட ஜாக்கிரதை. பெயரே ஊர்வலம் இல்லை, புனிதப் பயணம் மாதிரி ஒரு சொல். டாக்டர் சோதித்துத் தேர்ந்தெடுத்த 200 ஆண்கள். சாமான் ஏற்ற ஒரு பழைய பஸ். மவுத் ஆர்கன் வாசிக்க ஒரு கோஷ்டி. கருவாலி மரப் பெட்டியில் 11,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு. அக்டோபர் 5 அன்று கிளம்பினார்கள். கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர்.

வழியில் நடந்ததெல்லாம் சுவாரசியமானவை. எதிர்க்கட்சி என்று பயந்த ஊர்களில் சோறு கிடைத்தது, சொந்தக் கட்சி கைவிட்டது. தொழிற்சங்கத் தலைமை கிளைகளுக்கு உதவ வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டிருந்தது. செஸ்டர்ஃபீல்டில் தொழிலாளர் அமைப்பு ஒதுங்கிக்கொள்ள, கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள் சூடாகச் சாப்பாடு போட்டார்கள். லெஸ்டரில் கூட்டுறவு சங்கத்துச் செருப்பு தைக்கும் தொழிலாளர்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து, கூலி வாங்காமல், இவர்களின் பூட்ஸைத் தைத்துக் கொடுத்தார்கள். எல்லன் இடையில் எடின்பரோவில் நடந்த கட்சி மாநாட்டுக்கு ஓடினார். பசித்தவர்களை நடக்க விடுகிறாயே என்று அங்கே வசவுதான் கிடைத்தது. திரும்பி வந்து மறுபடி நடந்தார்.

அக்டோபர் 31, கொட்டும் மழையில் லண்டன். நவம்பர் 4 அன்று எல்லன் மனுவை மக்களவையில் வைத்தார். பிரதமர் பால்ட்வின் யாரையும் சந்திக்க மறுத்துவிட்டார். ரன்சிமன் எழுந்து, அந்தப் பகுதியில் நிலைமை தேறிவருகிறது என்றார். சில நிமிஷங்களில் அவை அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

ரயிலில் ஊர் திரும்பியவர்களுக்கு வீட்டில் ஒரு செய்தி காத்திருந்தது. ரோட்டில் நடந்துகொண்டிருந்த நாட்களில் வேலை கிடைத்திருந்தால் உங்களால் சேர்ந்திருக்க முடியாது, ஆகவே அந்த நாட்களுக்கான உதவித்தொகையில் பிடித்தம். வேலையே இல்லாத ஊரில்! இந்தக் கதையில் எனக்கு ரத்தம் கொதித்த இடம் இதுதான்.

கதையை வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். தோல்வி, ஆனால் நாட்டின் மனசாட்சியை உலுக்கியது என்று ஒரு வரி. நான் தடுக்கி நின்ற சட்டம் இதற்கு அப்புறம்தான் வருகிறது.

அன்றைய தொழிலாளர் குடும்பங்கள் கட்டில், மேசை, தையல் மெஷின் எதை வாங்கினாலும் பெரும்பாலும் தவணைதான். சட்டப்படி அது வாங்குவதே இல்லை. கடைசித் தவணை கட்டும்வரை பொருள் கடைக்காரருடையது, நீங்கள் வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 1895-ல் ஒரு பியானோ வழக்கில் பிரபுக்கள் சபை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் ஒரு தவணை தவறினாலும் ஆள் அனுப்பிப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். அதுவரை கட்டியது வாடகைக் கணக்கில் போய்விடும். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேசை நாற்காலி செட்டுக்கு 20 பவுண்டு. 18 பவுண்டு கட்டியாயிற்று. வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. கடைக்காரருக்கு 18 பவுண்டும் மிச்சம், செட்டும் மிச்சம். அதையே அடுத்த வீட்டுக்கு விற்கலாம். வேலை நிலையில்லாத காலத்தில் இப்படிப் பறிப்பதையே தொழிலாக வைத்திருந்த கடைகள் இருந்தன. நம்ம ஊரில் விடிகாலையில் ஆட்டோவைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லன் கொண்டுவந்தது அரசு மசோதா இல்லை. அமைச்சராக இல்லாத உறுப்பினர் தானே கொண்டுவரும் தனி மசோதா. இந்த மாதிரி மசோதாக்கள் பெரும்பாலும் நேரம் கிடைக்காமலே செத்துப்போகும். யாராவது ஒருவர் அடம்பிடித்தாலே போதும். எனவே ஜாரோ எம்.பி. சத்தம் போடவில்லை. சமூகப் பணியாளர்களிடம் கேட்டார், வியாபாரிகள் தரப்போடும் உட்கார்ந்து பேசினார், மற்றக் கட்சிகளின் ஆதரவையும் சேர்த்தார். மோசமான கடைகளால் நல்ல கடைகளுக்கும் கெட்ட பெயர் என்பது வியாபாரிகளுக்கே தெரிந்திருந்தது, அது கைகொடுத்தது. 1938-ல் சட்டம் நிறைவேறியது, 1939 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தில் இருந்தது என்ன? சாதாரணப் பொருள்களில் 100 பவுண்டு வரையிலான ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தும். ரொக்க விலை எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிய பிறகு, நீதிமன்றம் போகாமல் பொருளை எடுக்க முடியாது. நீதிமன்றம் நினைத்தால் சின்னச் சின்னத் தவணையாகக் கட்டச் சொல்லிப் பொருளை வீட்டிலேயே விட்டுவைக்கலாம். பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது செல்லாது.

அந்தக் கடைசி விதியை நான் இரண்டு தடவை படித்தேன். 1931-லிருந்து உதவித்தொகை வாங்கும் வீடுகளுக்கு வருமானச் சோதனை அதிகாரி வந்து, யார் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று துருவிக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. மகன் வேலைக்குப் போனால் அப்பாவின் தொகை குறையும். அப்படிப்பட்ட வீட்டின் வாசலில் ஒருத்தனையாவது நில் என்று சொல்ல ஒரு சட்டம்.

இது ஜாரோவுக்கு வேலை கொடுத்ததா? இல்லை. சர்ரே பகுதி நன்கொடையோடு ஓர் உருக்குக் குழாய் ஆலை வந்தது, அது போதவில்லை. ஊர் நிமிர்ந்தது மறு ஆயுதமயமாக்கலாலும் போராலும்தான். ஊர்வலம் இல்லாவிட்டால் எல்லனுக்கு அவையில் இந்தப் பெயரும் செல்வாக்கும் இருந்திருக்காது என்று வாதிடலாம். ஓரளவு சரிதான். ஆனாலும் எனக்கு என்னவோ, அந்த 200 பேரின் வீடுகளுக்குள் போய்ச் சேரக்கூடிய உதவி நடந்த வழியில் கிடைத்ததை விட மசோதாவின் உட்பிரிவுகளில்தான் அதிகம் என்று படுகிறது.

இந்தியாவும் 1972-ல் ஒரு தவணைக் கொள்முதல் சட்டம் நிறைவேற்றியது. அது ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை, 2005-ல் ரத்தாகிவிட்டது. பிரிட்டனில் 1974-ம் வருஷ நுகர்வோர் கடன் சட்டம் 1930-களின் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. மூன்றில் ஒரு பங்கு கட்டிய பிறகு நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பொருளில் கை வைக்கக் கூடாது என்ற விதி அதில் 90-வது பிரிவு.