ஊரும் ஊர்தியும்

'ஊர்' என்னும் சொல் பெயராக நிற்கையில் மக்கள் நிலைத்து வாழும் இடத்தைக் குறிக்கும். வினையாக நிற்கையில் நகர்ந்து செல்வதைக் குறிக்கும். 'ஊர்தி' அவ்வினையின் வழி வந்த சொல். நிலைத்தலையும் நகர்தலையும் ஒரே ஒலிக்குள் அடக்கிய மொழியைப் பேசுவோர், புகையிரதம் வந்தபின் எதனைத் தம் ஊர் என்று கருதினர்? இலங்கைத் தமிழரின் வரலாறு இவ்வினாவுக்கு இருவேறு விடைகளை வைத்திருக்கிறது.

வடக்கே செல்லும் இருப்புப்பாதை மதவாச்சிச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் வழியாகக் காங்கேசன்துறையை அடைகிறது. மற்றது மன்னார்த் தீவைக் கடந்து தலைமன்னாரில் கடலைத் தொடுகிறது. யாழ்ப்பாணப் பாதை 1905இல் கொழும்புடன் இணைந்தது. தலைமன்னார்ப் பாதை 1914இல் நிறைவுற்றது. பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலம் குறைவு, கல்வி மிகுதி. கற்ற இளைஞர் கொழும்பு அலுவலகங்களில் எழுதுவினைஞராயினர். வாடகை அறைகளில் பலர் கூடி வாழ்ந்து, சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பினர். விடுமுறை வந்தால் வண்டியேறினர். திரும்பும்போது ஒடியலும் புழுக்கொடியலும் முருங்கைக்காயும் மிளகாய்த்தூளும் அவர்களுடன் கொழும்புக்குப் பயணமாயின. வேலை செய்யும் இடம் கொழும்பு, ஊர் யாழ்ப்பாணம். இரண்டையும் பிணைத்து ஒரே வாழ்வாக்கியது புகையிரத நேர அட்டவணையே எனலாம். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய 'யாழ்தேவி' இப்பிணைப்பின் பெயராகவே ஆயிற்று. ஆயினும் அதே ஆண்டு ஜூனில் சிங்களம் மட்டும் அரசகருமமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. ஊருக்கு விரைவாகச் செல்ல வண்டி கிடைத்த ஆண்டிலேயே, அவ்வண்டியில் செல்வோரின் உத்தியோகத்துக்கு அடி விழுந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மற்றப் பாதையின் கதை வேறு. 1914க்கு முன் தமிழகத்துத் தொழிலாளர் பலர் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். பாதை அமைந்தபின், மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்டவர்கள் கப்பலேறி, தலைமன்னாரிலிருந்து வண்டியில் சென்றனர். கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வளர்ந்த இருப்புப்பாதைகளே அவர்களைத் தோட்டங்களின் லயங்களில் சேர்த்தன. பிள்ளைகள் பிறந்தனர், முன்னோர் தேயிலைச் செடிகளுக்கிடையே புதைக்கப்பட்டனர். மலை ஊராயிற்று. ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் ஊர் பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது. மலைநாட்டு நிலையங்களில் வண்டி புறப்படும் வேளையில், செல்வோரும் நிற்போரும் ஒருவரையொருவர் பற்றிக் கதறினர். அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. உயிரோடிருப்பவருக்கு ஒப்பாரி வைக்கும் வழக்கம் தமிழில் இல்லை. ஆனால் அவர்கள் மீளமாட்டார்கள் என்பதை மேடையில் நின்றோர் அறிந்திருந்தனர். பாட்டனைப் பரிசோதித்து அனுப்பிய மண்டபம் முகாமே பேரனை வரவேற்றது. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் 'சிலோன்காரர்' எனப்பட்டனர்.

மதவாச்சியில் பிரிந்த இவ்விரு பயணங்களுக்கும் உள்ள வேற்றுமை தூரத்தில் இல்லை. ஒன்றுக்குத் திரும்பும் பயணம் உண்டு, மற்றதற்கு இல்லை. ஊர் என்பது பிறந்த இடம் மட்டுமன்று. போய்வரும் உரிமையும் அதனுள் அடங்கும்.

அவ்வுரிமை யாழ்ப்பாணத்தாருக்கும் நிலைக்கவில்லை. 1958இலும் 1983இலும் கொழும்பில் வன்முறைக்குத் தப்பியோர் பலர் கப்பலிலேயே வடக்கை அடைந்தனர்; நாள்தோறும் நம்பியிருந்த இருப்புப்பாதை ஆபத்தில் உதவவில்லை. 1984இல் இராமேஸ்வரக் கப்பல் நின்றது. 1990 ஜூனில் யாழ்தேவி யாழ்ப்பாணம் செல்வது நின்றது. பின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. ஊருக்கு அழைத்துச் சென்ற இரும்பு, ஊரிலிருப்போர் உயிர்காக்கும் கூரையாயிற்று.

2014 அக்டோபர் 13இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015இல் தலைமன்னார்ப் பாதையும் புதுப்பிக்கப்பட்டது. அங்கிருந்து அக்கரைக்குச் செல்லக் கப்பல் இல்லை. பாதையைச் செப்பனிடச் சில ஆண்டுகள் போதுமாயிருந்தன. அதில் வந்திறங்க வேண்டியவர்களில் பலர் அதற்குள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நீலகிரியிலும் பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டனர். அப்பிள்ளைகளிடம் 'உங்கள் ஊர் எது?' என்று கேட்டால், அவர்கள் ஒருமுறையும் இறங்கியிராத ஒரு நிலையத்தின் பெயரைச் சொல்வோர் இன்றும் உண்டு.