எண்ணூர் ஆஸ்டினும் இறுகிய பிரேக்கும்

அத்திப்பட்டிலிருந்து தெற்கே கொசஸ்தலை ஆற்றைக் கடந்ததும் எதிர்ப்படும் எண்ணூரில், லாரிகளால் கீர்த்தி பெற்று நிற்கும் தொழிற்சாலை ஆதியில் கார்களைப் பூட்டவே எழுந்தது என்பதை இவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலர் அறியார். 1948-ல் ரகுநந்தன் சரண் தம் புதல்வரின் பெயரால் ஸ்தாபித்த அசோக் மோட்டார்ஸ், மறு வருஷமே இங்கிலாந்திலிருந்து தருவித்த பாகங்களைக் கொண்டு ஆஸ்டின் ஏ40 கார்களை இங்கே உருவாக்கத் தொடங்கியது.

அக்காலத்து ஏ40 டெவன் காரின் கர்லிங் நிறுவனப் பிரேக்கில் ஒரு விசேஷம் உண்டு: முன்சக்கர டிரம்முக்குள் ஷூக்களை விரித்தது திரவத்தின் அழுத்தம், பின்சக்கரங்களிலோ பழைய முறைப்படி இரும்புக் கம்பிகளின் இழுப்பு. ஆகவே, பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும் வியாதி கண்டால், அதைத் தீர்க்க வந்த மெக்கானிக் இரு வித்தைகளும் கற்றவராயிருத்தல் அவசியமாயிற்று.

ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் எது இறுகியிருக்கிறது என்பது புலப்படும். பின்சக்கரமாயின், கடற்கரையின் உப்புக்காற்றில் துருவேறிய கம்பி இணைப்புகளையும் கைபிரேக்கையும் முதலில் சந்தேகிப்பதே முறை. அவை இறுகிப்போனால், ஷூக்களைப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் எவ்வளவு வலுவுடையதாயினும் பயனில்லை. முன்சக்கரமாயின், பிளீடிங் நிப்பிளைச் சற்றே தளர்த்த வேண்டும். திரவம் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். உட்புறம் உப்பிய ஹோஸோ, பெடலில் பிளே இல்லாமையால் மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பும் சிறு துளை மூடப்பட்டதோ அதற்குக் காரணமாகலாம். திரவம் வெளியேறியும் சக்கரம் இறுகியே நின்றால், வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறதா என்று டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

அந்நாளைய பிரேக் திரவம் பெரும்பாலும் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. அதற்குப் பதிலாக எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் கப்புகள் யாவும் ஊதிப் பெருத்து, அதுவரை நோயற்றிருந்த சக்கரத்தையும் பற்றிக்கொள்ளும். இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பிற கோளாறுகள் காலத்தால் வருவன. இதுவோ மனிதரின் அவசரத்தால் விளைவது.

டெவனுக்குப் பின் 1952-ல் வந்த ஏ40 சாமர்செட் காரில் நான்கு சக்கரங்களுக்கும் திரவமே பொதுவாயிற்று. ஆனால் எண்ணூரின் நாட்டம் அதற்குள் லாரிகளின்பால் திரும்பிவிட்டது. 1955-ல் ஸ்தாபனத்தின் பெயரே அசோக் லேலண்ட் என்றாயிற்று. டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் சேர்ந்து 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியபோது, ஆஸ்டின் எண்ணூரிலிருந்து விடைபெற்றுச் சில வருஷங்கள் கடந்திருந்தன.