புல்தரையிலிருந்து செயற்கைத் தரைக்கு: பெண்கள் ஆசியக் கோப்பை ஹாக்கி

ஆசிய நாடுகளின் பெண்கள் ஹாக்கி அணிகள் கண்டத்தின் முதலிடத்துக்காக மோதும் ஆசியக் கோப்பைப் போட்டி 1985ஆம் ஆண்டு தென்கொரியத் தலைநகர் சியோலில் தொடங்கியது. ஆண்களுக்கான ஆசியக் கோப்பை 1982இலேயே கராச்சியில் அரங்கேறிவிட்டது. பெண்கள் போட்டி பிந்தியதில் ஆட்டத்தின் நிர்வாக அமைப்புக்கும் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது. 1924இல் உருவான சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்புக்கு வெளியே, பெண்களுக்கெனத் தனியொரு கூட்டமைப்பு 1927 முதல் இயங்கிவந்தது. கோப்பைக்காக மோதுவதைவிட நாடுகள் ஒன்றையொன்று சந்தித்து நட்புறவு ஆட்டங்கள் ஆடுவதையே அது நெடுங்காலம் பெரிதாகக் கொண்டிருந்தது. இரு அமைப்புகளும் 1980களின் தொடக்கத்தில் ஒன்றாக இணைந்தபின், கண்ட அளவிலான பெண்கள் போட்டிகள் முறையான வடிவம் பெறத் தொடங்கின. 1984இல் பிரான்சின் லில் நகரில் முதல் ஐரோப்பியப் பெண்கள் போட்டி நடந்ததும் இந்தக் காலகட்டத்தில்தான்.

அன்றைய ஆசியாவில் பெண்கள் ஹாக்கி என்றதும் முதலில் நினைவுக்கு வந்த நாடு இந்தியா. 1974இல் பிரான்சில் நடந்த முதல் உலகக் கோப்பையிலும், பெண்கள் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிலும் நான்காம் இடம் பிடித்த இந்திய அணி, 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமும் வென்றது. ஆயினும் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ஆறு அணிகளில் ஆசிய அணி ஒன்றுகூட இல்லை. மாஸ்கோவுக்குப் பின் இந்தியப் பெண்கள் அணி மீண்டும் ஒலிம்பிக் களம் காண 2016 வரை, அதாவது முப்பத்தாறு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. ஆசியக் கோப்பையின் முதல் இருபது ஆண்டுகள் முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்குகின்றன.

இந்தியாவின் சரிவுக்கு நிர்வாகப் பூசல், நிதிப் பற்றாக்குறை எனப் பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. அவற்றுள் ஆட்டத்தையே மாற்றியது தரைதான். இயற்கைப் புல்லில் பந்து மேடுபள்ளங்களில் தடுக்கித் தாறுமாறாக ஓடும் என்பதால், அதை மட்டையோடு ஒட்டவைத்து எதிராளியை ஏமாற்றிக் கடக்கும் தனித்திறனுக்கு மதிப்பிருந்தது. செயற்கை இழைகளால் நெய்த தரையிலோ பந்து ஒரே சீராக, மிக வேகமாக ஓடுவதால், நீண்ட கடத்தல்களும் இடைவிடாத ஓட்டமும் தளராத உடல்வலுவும் வெற்றியைத் தீர்மானித்தன. இந்தியப் பெண்களில் பலர் புல்லிலேயே பழகி வளர்ந்த அந்த ஆண்டுகளில், 1988 ஒலிம்பிக்கை நடத்தவிருந்த தென்கொரியா புதிய தரைக்கேற்ற அணியொன்றைத் திட்டமிட்டு உருவாக்கியது. முதல் ஆசியக் கோப்பையை வென்ற கொரியா, 1986 ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும், 1988இல் ஒலிம்பிக் வெள்ளியையும் அடுத்தடுத்துக் கைப்பற்றியது. பழைய மரபு என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லாததும் ஒருவகையில் அதற்கு உதவியது எனலாம். மறக்கவேண்டிய பழக்கங்கள் அதற்குக் குறைவு.

கொரியாவின் பயிற்சிமுறை எல்லை தாண்டியும் பரவியது. 1989இல் ஹாங்காங்கில் கோப்பையை வென்ற சீனா, பின்னாளில் கொரியரான கிம் சாங்-பெக்கைப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டு, அவருடைய கடுமையான பயிற்சியின் பயனாக 2002 உலகக் கோப்பையில் வெண்கலமும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளியும் பெற்றது. 1993, 1999 கோப்பைகளைக் கொரியா மீண்டும் வென்றது. 1999இல் டெல்லியில் அதனிடம் இறுதியாட்டத்தில் தோற்ற இந்தியா, 2004இல் அதே நகரில் ஜப்பானை 1–0 என வீழ்த்தி முதன்முறையாகக் கோப்பையைத் தொட்டது. 2007, 2013, 2022 கோப்பைகள் ஜப்பானுக்கும், 2009 கோப்பை சீனாவுக்கும் போயின.

இந்தியாவின் இரண்டாவது வெற்றி 2017இல் ஜப்பானின் ககாமிகஹாரா நகரில் கிட்டியது. சீனாவுடனான இறுதியாட்டம் 1–1 எனச் சமனாகி, ஷூட்அவுட்டுக்குச் சென்றது. இம்முறையில் ஓர் ஆட்டக்காரர் இலக்கிலிருந்து 23 மீட்டர் தொலைவிலுள்ள கோட்டிலிருந்து பந்தோடு புறப்பட்டு, கோல்காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு, எட்டு நொடிகளுக்குள் கோல் அடித்தாக வேண்டும். அணிக்கு ஐந்து வாய்ப்புகள் முடிந்தும் சமநிலை நீடிக்க, கோல்காப்பாளர் சவிதா சீனாவின் அடுத்த முயற்சியைத் தடுத்ததும், அணித்தலைவி ராணி ராம்பால் கோல் அடித்ததும் இந்தியாவுக்கு வெற்றியைத் தேடித்தந்தன. அவ்வெற்றி 2018 லண்டன் உலகக் கோப்பைக்கு இந்தியாவை நேரடியாக அழைத்துச் சென்றது.

கண்டப் போட்டியின் கடுமை உலக அரங்கின் தரவரிசையில் தெரிவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணி, சில மாதங்களிலேயே 2022 மஸ்கட் ஆசியக் கோப்பையின் அரையிறுதியில் கொரியாவிடம் 2–3 எனத் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. 2025 செப்டம்பரில் ஹாங்சோ நகரில் நடந்த இறுதியாட்டத்தின் முதல் நிமிடத்திலேயே நவ்நீத் கவுர் கோலடித்தும், சீனா 4–1 என வென்று, அடுத்த ஆண்டு நெதர்லாந்தும் பெல்ஜியமும் இணைந்து நடத்தும் உலகக் கோப்பைக்கான இடத்தைத் தனதாக்கிக்கொண்டது. பதினொரு போட்டிகளின் முடிவில் கொரியா, சீனா, ஜப்பான் ஆகிய மூன்றும் தலா மூன்று கோப்பைகளையும் இந்தியா இரண்டையும் வைத்திருக்கின்றன. இந்நான்கைத் தவிர வேறெந்த நாடும் இன்றுவரை அதை வென்றதில்லை.