குண்டுக்கும் உண்டு அரைஞாண்



கெட்டிக்காரத்தனமா ஏதாவது செய்துவிட்டால் "சரியான எம்டன்டா நீ!" என்கிறோமே, அந்தப் பேச்சு வந்த கதை பலருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அந்தப் பெயர் ஆழமாகப் பதிந்துவிட்டதால், பழைய குண்டு என்றாலே "எம்டன் குண்டு" என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அதை எப்படித் தெரிந்துகொள்வது? எம்டனின் பீரங்கி 105 மில்லிமீட்டர். பிரிட்டிஷாரின் 4 அங்குலப் பீரங்கி ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். துருப்பிடித்த இரும்பில் இந்த 3 மில்லிமீட்டரை யார் கண்டுபிடிப்பது? அப்போது கைகொடுப்பது குண்டின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள செம்புப் பட்டைதான். ஆங்கிலத்தில் 'டிரைவிங் பேண்ட்' என்பார்கள். நம்ம பேச்சில் சொன்னால், குண்டின் அரைஞாண்.

நம்மூருக்குத் தெற்கே கடப்பாக்கத்தில் இருக்கும் ஆலம்பரைக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்து இடித்தார்கள். அந்தக் காலத்துக் குண்டு வெறும் இரும்பு உருண்டை. அதற்குப் பட்டை கிடையாது. பீரங்கிக் குழாயின் உட்புறமும் வழவழப்பு.

19ஆம் நூற்றாண்டில் குழாய்க்குள் திருகு மரை போலச் சாய்வான பள்ளங்கள் வெட்டினார்கள். குண்டு சுழன்றுகொண்டே போனால் மூக்கு முன்னோக்கியே நிற்கும், குறியும் தப்பாது. குழாயின் துளையைவிடச் சற்றே பெரிதான செம்புப் பட்டை அந்தப் பள்ளங்களில் நெருங்கி அழுந்தி, குண்டைச் சுழற்றுகிறது. வெடிமருந்தின் வாயு பக்கவாட்டில் கசியாமலும் அடைக்கிறது. செம்பு மென்மையான உலோகம் என்பதால்தான் இந்த வேலை அதற்கு.

பிரிட்டிஷார் ஒரே நாளில் இந்தப் பட்டைக்கு வந்துவிடவில்லை. 1859 வாக்கில் வந்த ஆம்ஸ்ட்ராங் பீரங்கியின் குண்டுக்கு ஈயக் கவசம். பிறகு வாய்வழியே திணிக்கும் பீரங்கிக்கே திரும்பியபோது, குண்டின் உடம்பில் வரிசையாக உலோகக் குமிழ்கள். அதற்கப்புறம் அடியில் செம்புத் தட்டு. 1880களில்தான் செம்புப் பட்டை நிலைத்தது. இரண்டாம் உலகப்போரில் 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கியின் ஒரு வகைக்கு இரட்டைப் பட்டையே இருந்தது. செம்புப் பஞ்சத்தால் ஜெர்மானியர் இரும்புப் பட்டைக்கும் போனார்கள். ஆகவே குமிழா, ஈயமா, ஒற்றைப் பட்டையா, இரட்டைப் பட்டையா என்று பார்த்தாலே குண்டின் காலம் ஓரளவு பிடிபடும்.

இன்னொரு சேதியும் பட்டையில் இருக்கிறது. சாய்ந்த வெட்டுத் தழும்புகள் இருந்தால் அது சுடப்பட்ட குண்டு. தழும்புகளை எண்ணினால் பீரங்கிக் குழாயின் பள்ளங்கள் எத்தனை என்று தெரியும். எந்தப் பீரங்கி என்று தேட அது ஒரு துப்பு. பட்டை வழவழவென்று இருந்தால் சுடப்படாதது, உள்ளே மருந்து அப்படியே இருக்கலாம். சுடப்பட்டதும் வெடிக்காமல் கிடக்கலாம். இரண்டையும் நம்பக்கூடாது.

இங்கேதான் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. செம்புக்குக் காயலான் கடையில் நல்ல விலை. அதனால் பழைய குண்டில் முதலில் கைவைக்கத் தோன்றுவது பட்டையில்தான். உளியும் சுத்தியலும் எடுத்தால் உயிருக்கு ஆபத்து. உயிர் தப்பினாலும், குண்டின் பிறப்புச் சான்றிதழ் எடைக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் இரும்பு யாருடையது என்று பிறகு சொல்வது கஷ்டம்.

கடற்கரையிலோ வலையிலோ அப்படி ஒன்று கிடைத்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், துரு சுரண்டாதீர்கள். தள்ளி நின்று காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். செயலிழக்க வைப்பது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை. அவர்கள் முடித்த பிறகு பட்டையைப் படித்து வரலாறு எழுதுவது நம் வேலை.