கப்பலோட்டியவர் கரையேறிய கதை

ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் இரதம் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலை வந்தடையும் காட்சியைக் காணுந்தோறும், கடல் கடந்து வியாபாரத்துக்கு வந்து இக்கோயில்களை எழுப்பிய நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விடுவதென்று 1906-ஆம் ஆண்டில் கம்பெனி நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஒருங்கே என் நினைவுக்கு வருகிறார்கள்.

அந்த முயற்சியால் ஆங்கிலேயரின் பகைக்கு ஆளாகி, 1908-இல் இராஜத்துரோகக் குற்றத்துக்கு இரட்டை ஆயுள் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டபின், கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்து, கண்ணனூர்ச் சிறையிலிருந்து 1912 டிசம்பர் 24 அன்று பிள்ளையவர்கள் வெளிவந்தபோது, வாயிலில் காத்திருந்தவர்கள் சுப்பிரமணிய சிவா முதலிய மிகச் சிலரே. அவர் கைதான செய்தி கேட்டுத் திருநெல்வேலியில் கொந்தளித்த ஜனசமுத்திரம் நாலே வருஷத்தில் வற்றிவிட்டது. கம்பெனி கலைந்து கப்பல்கள் விலைபோயிருந்தன. வக்கீல் சந்நதும் பறிபோனமையால், சென்னையில் குடும்பத்தோடு ஜீவனத்துக்கே அல்லலுற்றார்.

அந்நாளில் கைகொடுத்தவர்களுள், அவரை நேரில் கண்டறியாத தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் முக்கியமானவர்கள். சத்தியாக்கிரகத்தில் தாமும் சிறை புகுந்து, தில்லையாடி வள்ளியம்மையை 1914-இல் பறிகொடுத்த அந்தச் சமூகத்துக்குச் சிறை மீண்டவனின் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பது தெரிந்திருந்தது. அவர்கள் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்புவித்திருந்த பணம், கடிதங்கள் பல போய்வந்து, 1916-இல் 347 ரூபாய் 12 அணாவாகப் பிள்ளையவர்கள் கையில் சேர்ந்தது.

ஆயினும் தொழிலே மனிதனை முழுமையாக மீட்பது. பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வக்கீல் சந்நது திரும்பக் கிடைத்து, கோவிற்பட்டியில் வழக்காட அமர்ந்த பிள்ளையவர்கள், அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். சிறையதிகாரி கதவைத் திறந்த நாளினும் தொழில் திரும்பிய நாளையே அவருடைய மெய்யான விடுதலை நாளாகக் கொள்ளல் தகும்.

பம்பலப்பிட்டிக்கும் வெலிக்கடைச் சிறைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. அங்கிருந்து மீண்டு வந்து நம் கடைவாசலில் நிற்பவனிடம், செய்த குற்றத்தைத் துருவுமுன், தெரிந்த தொழில் யாதென்று வினவுவோமாக.