துண்டும் துண்டுப் பிரசுரமும்

மலையகத் தோட்டத் தொழிலாளியின் வாழ்வை நூறாண்டுக்கு மேலாகத் தீர்மானித்தவை, அவனால் வாசிக்க முடியாத காகிதங்களே. அவற்றுள் பேர்போனது 'துண்டு'. கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்பேன் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. தன் தலைமீது எழுதப்பட்ட கடன் எவ்வளவு, அது எவ்வாறு வந்தது என்பதைத் தொழிலாளி அறியான். 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் அச்சட்டமும் ஆங்கிலத்திலேயே இருந்தது. விடுதலை வந்த செய்தியை லயத்துக்குக் கொண்டு செல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த ஒருவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்த இவர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரி வேடத்தில் புகுந்தார் என்பது பலரும் அறிந்த வரலாறு. 1924இல் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். எனினும் அவருடைய பணிகளில் போதிய கவனம் பெறாத ஒன்றுண்டு. சட்டத்தைத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதியதே அது. சிறு நூல்கள், துண்டுப் பிரசுரங்கள், நாடகம் என வடிவங்கள் பல; நோக்கம் ஒன்றே. எழுத்தறிந்தவர் மிகச் சிலராயிருந்த லயங்களில், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு விளங்கிக்கொள்ளும் எழுத்தே பயன்படும். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் அதே செய்திகளைப் பாட்டாக்கி மேடைகளில் பாடினார்.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேரின் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. தொடர்ச்சியாக இலங்கையில் வசித்ததை ஆவணங்களால் நிறுவ வேண்டியிருந்தது. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் வேறொரு பெயர், எழுதியவரின் காதுக்கு எட்டியபடி ஓர் எழுத்துக்கூட்டல் என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை ஏழையின் தோளிலேயே விழுந்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நாடற்றவர்களாகக் கணிக்கப்பட்டோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். இச்சிக்கலைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இன்று பிரதேச செயலகமாயினும் பல்கலைக்கழகமாயினும் மக்களோடு பேசுவது பெரிதும் இணையத்தளத்தின் வழியாகவே. அங்கே எழுதப்படும் தமிழை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஒரே ஊர் ஹட்டன், ஹற்றன், அட்டன் என மூன்றாக நிற்கிறது. ஒரே மக்கள் ஓரிடத்தில் இந்தியத் தமிழர், ஓரிடத்தில் இந்திய வம்சாவளியினர், வேறோரிடத்தில் மலையகத் தமிழர். ஒரு எழுத்துக்கூட்டலைத் தட்டித் தேடும் மாணவிக்கு மற்றொன்றில் எழுதப்பட்ட அறிவித்தல் அகப்படாமல் போகலாம். விண்ணப்பிக்கும் இறுதி நாள், தேவையான ஆவணங்கள், யாரிடம் கேட்பது ஆகியவை நீண்ட வாக்கியங்களுக்குள் புதைந்து கிடந்தால், தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்ல முயலும் குடும்பத்துக்கு அவற்றை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

பத்திரிகை அலுவலகங்களில் சொற்களுக்கு ஒரு வரைமுறை வைத்திருப்பார்கள். எவர் எழுதினாலும் ஓர் ஊருக்கு ஒரே பெயர். பொது நிறுவனங்களுக்கும் அத்தகைய பட்டியல் ஒன்று வேண்டும். அதை அலங்கார வேலையாகக் கருதுவோர், ஓர் எழுத்து பிசகியதற்கு இம்மக்கள் கொடுத்த விலையை நினைத்துப் பார்க்கட்டும். நடேசய்யர் கையிலிருந்தது ஒரு சிறிய அச்சுக்கூடம். இன்றைய நிறுவனங்களிடம் வசதிக்குக் குறைவில்லை. வாசிப்பவர் யாரென்று எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் குறைவு.